சித்தூர்ச் சீமையும் நகைச்சுவை நாடகமும்

ஆண்டு விழா நெருங்கும் நாளில் நம் குடியிருப்புகளில் முதலில் எழும் கேள்வி, "இவ்வாண்டு என்ன நாடகம்?" என்பதே. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, பரிசளிப்பு ஆகிய அனைத்தையும் பொறுமையோடு கேட்டிருக்கும் அவையோர், இறுதியில் திரை உயரும்போதுதான் நிமிர்ந்து உட்காருகின்றனர். அந்நாடகம் பெரும்பாலும் நகைச்சுவை நாடகமாகவே இருக்கும். நடிப்போர் அதனைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலெல்லாம் அலுவலகத்திலும் பள்ளியிலும் கடையிலும் உழைத்து, மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கூடி ஒத்திகை பார்ப்பவர்கள் அவர்கள். இத்தகையோர் கூட்டத்தைப் பயில்முறை நாடகக் குழு என்று நூல்களும், அமெச்சூர் சபை என்று வழக்கும் கூறும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். மலரில் இடம் பெறும் அளவுக்கு அதில் என்ன வரலாறு இருக்கிறது என்று வினவுவோரும் உளர். அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் விலை பேசும் சித்தூர்ச் சீமையே அவ்விடையைத் தரும். இங்கும் இதனைச் சுற்றியும் நிகழ்ந்த நகைச்சுவை நாடகங்களின் கதையை ஆராயுங்கால் ஓர் உண்மை தெளிவாகிறது. நகைச்சுவை நாடகத்தின் தகுதி, அது எவ்வளவு சிரிக்க வைத்தது என்பதைக் காட்டிலும், யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தது என்பதில் அடங்கியுள்ளது. இரு மொழியினர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் எல்லைப்புறத்தில் இது கலையைப் பற்றிய செய்தி மட்டும் ஆகாது. அன்றாட வாழ்வைப் பற்றிய செய்தியும் ஆகும்.

எல்லை நிலத்தின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கும் தெற்கும் உயர்ந்து நிற்க, இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு வழி விட்டு நிற்பது பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த பெருவழி இதுவே. வணிகரும் படைகளும் நெசவாளரும் பாணரும் இவ்வழியே வந்தனர், சென்றனர். இக்கணவாயின் தென்கிழக்கில், சோகநாசினி ஆற்றங்கரையில் அமைந்தது சித்தூர். மலையாள மொழிக்குப் புதுவாழ்வு அளித்தவர் என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இவ்வாற்றங்கரையில் உள்ள தெக்கே கிராமத்தில்தான் உள்ளது. சற்றே கிழக்கு நோக்கிச் சென்றால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்னும் ஊர்களில் தமிழே வீட்டு மொழியாகவும் கடைத்தெரு மொழியாகவும் ஒலிக்கக் கேட்கலாம். 1947-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சித்தூர் அரசினர் கல்லூரியில் தமிழுக்கெனத் தனித்துறை அமைந்ததும் இம்மண்ணின் இயல்பைக் காட்டும்.

ஆட்சி முறையிலும் இவ்வூரின் கதை சுவையானது. சுற்றிலும் இருந்த பாலக்காட்டுப் பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தபோது, சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழியாகக் கேரள மாநிலம் அமைந்தது. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறின. கோட்டின் இருபுறமும் வாழ்ந்த மக்கள் மாறவில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொண்டனர். ஒருவரை ஒருவர் கேலியும் செய்துகொண்டனர்.

காஞ்சியில் பிறந்த சிரிப்பு

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டினைக் கூறத் தொடங்குங்கால் நகையையே முதலில் வைக்கிறது. இகழ்ச்சி, இளமை, அறியாமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்று வகுக்கிறது. சிலப்பதிகாரம் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் ஆடிய பறையூர்ச் சாக்கையன் ஒருவனைக் காட்டுகிறது. சாக்கையர் என்னும் அப்பெயர் இன்றும் கேரளத்தில் சாக்கியார் என வழங்குகிறது. அவர்கள் ஆடும் கூடியாட்டத்தை 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் அரும்பெரும் கலைச்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

கூடியாட்டத்தில் அரசன் வடமொழியிலும் தலைவி பிராகிருதத்திலும் பேசுவர். அவர்களோடு தோன்றும் விதூஷகன் மட்டும் நாட்டு மொழியில் பேசுவான். தலைவன் காதலை வியந்து பாடினால், அதே சந்தத்தில் சோற்றையும் கறியையும் வியந்து அவன் எதிர்ப்பாட்டுப் பாடுவான். சாக்கியார் தனித்துக் கூத்து நிகழ்த்துங்கால் அவையில் இருப்போர் எவரையும், அரசனே ஆயினும், நகையாடும் உரிமை அவருக்கு உண்டு. நகையாடப்பட்டவர் எழுந்து மறுமொழி கூறுதல் ஆகாது என்பது மரபு.

இச்சாக்கியார்கள் காத்து வைத்த நாடகங்களுள் ஒன்று தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தை இழக்கிறான். பௌத்தத் துறவி ஒருவர் அதனைத் திருடிவிட்டார் என்று வழக்காடுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். வழக்குமன்றம் சென்றால் கைக்கூலி கொடுக்கப் பொருள் வேண்டுமே என்ற பேச்சும் எழுகிறது. இறுதியில், நாய் ஒன்றின் வாயிலிருந்து மீட்ட பாத்திரத்தோடு பித்தன் ஒருவன் வந்து சேர, வழக்கு முடிகிறது.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. மகேந்திரவர்மன் பகை நாட்டாரைப் பார்த்து நகைக்கவில்லை. தன் தலைநகரத் தெருவையும், தன் நாட்டுச் சமயத்தாரையும், தன் ஆட்சியின் நீதிமன்றத்தையுமே நகைப்புக்கு இலக்காக்கினான். அரசனே அவ்வாறு செய்தமையால்தான் அந்நாடகம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் பின்னரும் கசப்பின்றிச் சுவைக்கிறது. அதனைக் காத்துத் தந்த பெருமை கேரளத்துக்கு உரியது. மலையாள நாட்டுக் கோயில்களில் சாக்கியார்கள் அதனை நேர்ச்சைக் கூத்தாக ஆடி வந்தனர். திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரியார் அதனை 1917-இல் அச்சேற்றினார். காஞ்சியில் பிறந்த சிரிப்பு, கணவாய்க்கு அப்பால் வளர்ந்து நமக்குத் திரும்பக் கிடைத்தது எனலாம்.

கண்யார்களியும் பொறாட்டும்

அரசரும் கோயிலும் வளர்த்த கலையை விட்டு, ஊரார் தாமே ஆடிய கலைக்கு வருவோம். சித்தூர், ஆலத்தூர் வட்டங்களில் பல்லசேனை, நெம்மாறை, கொல்லங்கோடு முதலிய ஊர்களில் பகவதி கோயில்களை ஒட்டிக் கண்யார்களி என்னும் ஆட்டம் நிகழ்கிறது. சித்திரை விஷுவை அடுத்த நாட்களில், அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் காலத்தில், ஊர் ஆடவர் இரவுதோறும் பந்தலில் கூடி ஆடுவர். ஆண்டி கூத்து, வள்ளோன், மலமை என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆடுவோர் உழவரும் அலுவலரும் மாணவருமே. ஆசான் ஒருவர் பல நாள் முன்னதாகவே அவர்களைப் பயிற்றுவார். வெளியூரில் வேலை பார்ப்போரும் அந்நாட்களில் விடுமுறை பெற்று ஊர் வந்து சேர்வர். பயில்முறைக் குழு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வாட்டத்தில் வட்டமாக நின்று ஆடும் வட்டக்களியும் உண்டு. இடையிடையே வரும் புறாட்டு என்னும் நகைக்கூத்தும் உண்டு. புறாட்டில் பல குலத்தவர், பல தொழிலினர், நாடோடிகள் ஆகியோரின் வேடங்கள் மேடை ஏறும். அவர்கள் தம்முள் பூசலிட்டுப் பேசும் பேச்சே அவையைச் சிரிக்க வைக்கும். அப்பாடல்களில் தமிழ் தாராளமாகக் கலந்திருக்கும். தமிழ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரின் வேடமாயின், மொழியும் முழுமையாகத் தமிழை நோக்கிச் சாய்ந்துவிடும்.

இதனோடு ஒப்பு நோக்கத் தக்கது பாலக்காட்டுச் சீமையின் பொறாட்டு நாடகம். இதனைப் பாண் பொறாட்டு என்றும் வழங்குவர். பாணர் குலத்தினர் இதனைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகின்றனர். மூங்கில் நட்டு உயர்த்திய மேடையில், இரவு தொடங்கி விடியும் வரை ஆட்டம் நிகழும். வண்ணானும் வண்ணாத்தியும், குறவனும் குறத்தியும், பூமாலை கட்டுவோனும் அவன் மனைவியும் என இணை இணையாக மாந்தர் வருவர். பெண் வேடத்தையும் ஆடவரே புனைவர். கணவனும் மனைவியும் ஊடிப் பிரிந்து, ஒருவரை ஒருவர் தேடி, வசை பாடி, பின் கூடுவதே பெரும்பாலும் கதை. இவர்களோடு வினவுவோன் ஒருவன் மேடையில் நிற்பான். மலையாளத்தில் அவனைச் சோத்தியக்காரன் என்பர். அவையோர் கேட்க விரும்பும் கேள்விகளை அவனே கேட்பான். மாந்தர் கூறும் விடையைத் திரித்துப் பொருள் கொண்டு நகைப்பூட்டுவான். ஆட்டத்தின் உயிர்நாடி அவனே.

பாடல் தமிழாகவும் வசனம் மலையாளமாகவும், சில இடங்களில் இரண்டும் பிரித்தறிய இயலாதவாறு பிணைந்தும் வரும் இந்நாடகத்தைக் கேட்டு மகிழ ஒரு மொழி மட்டும் அறிந்தவரால் முழுமையாக இயலாது. இரு மொழியும் அறிந்த அவை இருந்தமையால்தான் இக்கலை பிறந்தது. சொல் ஒன்று தமிழில் ஒரு பொருளும் மலையாளத்தில் வேறு பொருளும் தருவதே வினவுவோனுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். எல்லைப்புறத்தில் வாழ்வதன் இடர்ப்பாட்டையே இவர்கள் சிரிப்பின் ஊற்றாக மாற்றிக்கொண்டனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. எளிய குலத்தவரின் நடையுடை பாவனைகளே இக்கூத்துகளில் பெரிதும் நகைப்புக்கு உள்ளாயின. பாணர் ஆடும் பொறாட்டில், எளியவர் எளியவரைப் பற்றி ஆடுவதால் அச்சிரிப்பில் உறவின் உரிமை இருந்தது. அதே வேடத்தை உயர்ந்த நிலையில் இருப்போர் புனைந்தால் அவ்வுரிமை இருப்பதில்லை. சொல் ஒன்றாயினும் சொல்பவர் மாறினால் சுவை மாறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கொங்கன் படையும் குஞ்சன் நம்பியாரும்

சித்தூரில் மாசி மாதத்தை ஒட்டிய கும்ப மாதத்தில் கொங்கன் படை என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் படையோடு வந்து தாக்கியபோது, ஊர்ப் பகவதி துணை நின்று அவனை வென்றாள் என்பது வழிவழிச் செய்தி. கொங்கனின் ஓலை அவையில் வாசிக்கப்படுவதும், படை எழுவதும், போர் நிகழ்வதும் ஊராரே நடிக்கும் காட்சிகளாக அமைகின்றன. அங்கே தோற்கும் படை நம் கொங்கு நாட்டுப் படை; தோற்றவனின் வேடத்தைப் புனைபவரும் ஊராரே. இதனைக் கண்டு தமிழர் எவரும் வருந்துவதில்லை. பகையின் நினைவு ஆண்டுக்கொரு முறை விழாவாகிக் கழிந்துவிடுகிறது. மற்ற நாட்களில் கொங்கு நாட்டு வண்டிகள் சித்தூர்ச் சந்தைக்கு வருவதை அப்பழங்கதை என்றும் தடுத்ததில்லை.

பாலக்காட்டு மாவட்டத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் புலவர் குஞ்சன் நம்பியார். சாக்கியார் கூத்துக்கு மிழாவு கொட்டியபோது அவர் கண்ணயர்ந்தார் என்றும், அதற்காகச் சாக்கியார் அவையில் கேலி செய்யவே, மறுநாளே துள்ளல் என்னும் புதிய ஆட்டத்தைப் படைத்து அவையைத் தம் பக்கம் இழுத்தார் என்றும் கதை வழங்குகிறது. அவர் தம் பாடல்களில் புராண மாந்தரையும் தம் காலத்து மலையாள நாட்டு மாந்தராகவே மாற்றி நகையாடினார். நாயர் படைவீரரும் தப்பவில்லை. விருந்துக்கு விரையும் தமிழ்ப் பட்டரும் தப்பவில்லை. எல்லாரையும் ஒரு நிறையாக நகைத்தமையால் எவரும் அவரைப் பகைக்கவில்லை. இன்றும் அவரைத் தம்மவர் என்று அனைவரும் கொண்டாடுகின்றனர்.

சுகுண விலாச சபை

நம் ஆண்டு விழா மேடையின் நேர் முன்னோடியைக் காண வேண்டுமாயின் சென்னைக்குச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் தொழில்முறைக் குழுக்களின் கையில் இருந்தது. விடிய விடியப் பாட்டும் கூத்தும் நிகழும். நடிப்போரைக் கூத்தாடிகள் என்று இழித்துரைத்த சமுதாயம், அவர்தம் ஆட்டத்தைக் காண மட்டும் தவறாது கூடியது. 1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசாரியாரின் சரச விநோதினி சபை சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. படித்தவரும் அலுவலரும் நடிக்கும் அச்சபையைக் கண்டு உளம் மாறிய இளைஞர் ஒருவர், தம் நண்பர் சிலருடன் அதே ஆண்டு சுகுண விலாச சபையை நிறுவினார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு.

சபையின் முதல் நாடகம் 'புஷ்பவல்லி' 1893-இல் விக்டோரியா பொது மண்டபத்தில் மேடை ஏறியது. சம்பந்த முதலியார் பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். பகலில் நீதிமன்றமும் மாலையில் நாடக ஒத்திகையுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, ஏறத்தாழ தொண்ணூறு நாடகங்களைத் தமிழுக்குத் தந்தார். பாட்டின் பெருக்கைக் குறைத்து உரைநடைக்கு இடம் தந்தார். குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடியும் நாடகத்தை வழக்கில் கொணர்ந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 'அமலாதித்யன்', 'வாணீபுர வணிகன்' முதலிய பெயர்களில் தமிழ் உடை அணிவித்தார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-இல் மறைந்தார்.

பெண்கள் மேடை ஏறாத அக்காலத்தில் பெண் வேடம் புனைந்து புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு. நாட்டுத் தலைவர் சத்தியமூர்த்தி இச்சபையின் நாடகங்களில் நடித்தவர். சி. பி. இராமசாமி ஐயர், ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றோரும் சபையோடு தொடர்புடையவராக விளங்கினர். கோவையைச் சேர்ந்த சண்முகம் செட்டியாரைச் சித்தூர் மக்கள் வேறொரு வகையில் அறிவர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் அவர். சித்தூரும் அவர் ஆட்சிக்கு உட்பட்டதே. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவரே. நாடக மேடையோடு உறவு பூண்டால் மதிப்புக் குறையும் என்று அஞ்சிய காலத்தில், இத்தகையோர் கொண்ட உறவே அம்மேடைக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

'சபாபதி' கற்பித்த பாடம்

சம்பந்த முதலியாரின் 'மனோகரா' வீரச்சுவைக்குப் பெயர் பெற்றது. நகைச்சுவைக்குப் பெயர் பெற்றது 'சபாபதி'. செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவர். அவர் பெயர் சபாபதி. அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. தலைவர் ஏவுவதை வேலைக்காரன் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக் காரியத்தைக் கெடுப்பான். வேலைக்காரனின் மடமை கண்டு முதலில் நகைக்கும் அவை, சிறிது நேரத்தில் தலைவரின் மடமை அதனினும் குறைந்ததன்று என்று உணரும். இருவருக்கும் ஒரே பெயரை வைத்ததில்தான் ஆசிரியரின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

இந்நாடகத்தை நடித்தவர் யார், பார்த்தவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சபையின் உறுப்பினர் பலரும் படித்தவர், வசதி படைத்தவர், வீட்டில் வேலையாட்களை உடையவர். அவையில் அமர்ந்திருந்தவரும் அத்தகையோரே. தம் வகுப்பாரின் சோம்பலையும் பகட்டையும் தாமே மேடை ஏற்றித் தாமே நகைத்தனர். தொழில்முறைக் குழு மறுநாள் வசூலை எண்ண வேண்டும். முன் வரிசையில் அமரும் செல்வரைப் புண்படுத்த அஞ்சும். பயில்முறைக் குழுவுக்கு அவ்வச்சம் இல்லை. பிழைப்பு வேறிடத்தில் இருப்பதால் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் உரிமை அதற்கு வாய்க்கிறது. அவ்வுரிமையே அதன் பெருஞ்செல்வம்.

1941-இல் ஏ. வி. மெய்யப்பர் இதனைத் திரைப்படமாக்கினார். தலைவர் சபாபதியாக டி. ஆர். இராமச்சந்திரனும், வேலைக்காரச் சபாபதியாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். உலகப் போரின் அச்சம் சூழ்ந்திருந்த அந்நாளில் தமிழகமே அதைக் கண்டு சிரித்தது.

மலையாள மேடையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நாவலாசிரியர் சி. வி. இராமன் பிள்ளை 1884-இல் 'சந்திரமுகீ விலாசம்' என்னும் நகை நாடகத்தையும், 1909-இல் 'குறுப்பில்லாக்களரி'யையும் எழுதினார். படித்த குடும்பங்களின் புதுநாகரிகப் பகட்டை அவர் நாடகங்கள் நகையாடின. திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் வெளியிலிருந்து வந்தோரே மிகுந்திருப்பதை எதிர்த்து 1891-இல் எழுந்த மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பத்துக்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவ்வெளியாருள் பெரும்பாலோர் தமிழர். அத்தகைய அரசியல் சினம் உடையவர், நாடகம் எழுதும்போது தம்மவரின் குறைகளையே பெரிதும் எடுத்துக்கொண்டார் என்பது அவர் பெருந்தன்மையைக் காட்டும்.

கடல் கடந்த மேடை

சுகுண விலாச சபையின் செல்வாக்குச் சென்னையோடு நிற்கவில்லை. 1911-இல் சபையினர் இலங்கைக்குச் சென்று நாடகங்கள் நடத்தினர். அவற்றைக் கண்டு எழுச்சி பெற்ற இலங்கைத் தமிழர் கொழும்பில் சுபோத விலாச சபையையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையையும் அமைத்தனர். சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் அங்கே நாடகக் கலையை வளர்த்துப் புகழ் எய்தினார். தில்லியில் வானொலிப் பணியில் இருந்த பூர்ணம் விசுவநாதன், அலுவலகம் முடிந்த மாலைகளில் தமிழ் நாடகங்களில் நடித்தே பயின்றவர். பின்னர்ச் சென்னை மேடையிலும் திரையிலும் சிறந்த குணச்சித்திர நடிகராக விளங்கினார். தமிழர் வேலை தேடிச் சென்ற நகரங்களில் எல்லாம் ஒரு கோயிலும் ஒரு சங்கமும் ஒரு நாடகக் குழுவும் தோன்றின என்று கூறுதல் மிகையாகாது.

மேடை மறுதிசையிலும் மக்களை அழைத்துச் சென்றது. சித்தூர் வட்டத்து வடவன்னூரைத் தாய்வழி ஊராகக் கொண்ட சிறுவர் ஒருவர், வறுமையின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் தமிழ் மக்களின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன். மேடைத் தமிழே அவரைத் தமிழராக்கியது.

நம் மேடையின் கடமை

இத்தனையும் கூறியது பழம்பெருமை பேசுதற்காக அன்று. இன்று நம் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிப்பர். தமிழ் எழுத்துத் தெரியாமையால் நாடக வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளும் உளர். அதனை இழிவாகக் கருத வேண்டா. சோகச்சுவையை மனப்பாடத்தால் ஒருவாறு நடித்துவிடலாம். நகைச்சுவைக்கு மொழியின் உயிர்ப்பு வேண்டும். எந்தச் சொல்லில் நிறுத்துவது, எந்தச் சொல்லை விழுங்குவது, எங்கே குரலை ஏற்றுவது என்று அறிந்தால்தான் அவை சிரிக்கும். ஒரு மாத ஒத்திகையில் ஒரு பிள்ளை கற்கும் பேச்சுத் தமிழைப் பாடநூல் எளிதில் கற்பித்துவிடாது.

மற்றொன்றும் உண்டு. தமிழ் நகைச்சுவைக் காட்சிகளில் தேநீர்க்கடை மலையாளி ஒருவர் வந்து மூக்கால் பேசினால் போதும், சிரிப்பு எழுந்துவிடும் என்று நினைப்பது பழைய வழக்கம். மலையாள நகைச்சுவைக் காட்சிகளில் 'பாண்டி' என்றும் 'அண்ணாச்சி' என்றும் தமிழரைக் கேலி செய்வதும் அதே வழக்கத்தின் மறுபக்கம். தொலைவில் இருப்போர்க்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். பள்ளியில் அப்பெயரால் அழைக்கப்படும் பிள்ளைக்கு அது விளையாட்டன்று. அதே பிள்ளை மாலையில் நம் மேடைக்கு வந்து, பக்கத்து வீட்டு மலையாளியைப் போல் பேசிக் கைத்தட்டல் பெறுமாயின், பகலில் பட்ட புண்ணுக்கு நாம் மருந்து இடவில்லை. மற்றொருவருக்குப் புண் செய்யக் கற்பித்தோம் என்றே பொருள்படும். முன் வரிசையில் நம் அழைப்பை ஏற்று வந்து அமர்ந்திருப்பவர் அந்தப் பக்கத்து வீட்டாரே என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆதலின் நாடகம் தேர்ந்தெடுக்கும் அன்பர்கள் சில கேள்விகளைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நன்று. இந்நாடகத்தில் நகைப்புக்கு உள்ளாகும் மாந்தர் இன்று அவையில் இருப்பின், அவரும் சேர்ந்து சிரிப்பாரா? நம்மினும் எளியவரை நகைக்கிறோமா, நம்மை நாமே நகைக்கிறோமா? வேடம் கழற்றிய பின்னர், நடித்தவர் அம்மாந்தரின் முகத்தை நேரே நோக்க இயலுமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமாயின் அந்நாடகத்தைத் தயங்காது மேடை ஏற்றலாம்.

நகைப்பதற்கு நம்மிடமே பொருள் குறைவில்லை. சங்கத் தேர்தலில் நிற்கத் தயங்கி, தேர்ந்தெடுக்கப்பட்டபின் இறங்கத் தயங்கும் தலைவர்கள். இரண்டு மொழி கலந்து மூன்றாவது மொழி பேசும் இல்லத்தரசிகள். ஊரில் ஒரு முறையும் தங்காமல் ஊர்ப்பெருமை பேசும் பெரியவர்கள். தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க நேரமில்லை என்று கூறும் நாம் அனைவரும் சம்பந்த முதலியாரின் பேனாவுக்குத் தகுந்த மாந்தரே. பொறாட்டின் வினவுவோன் ஒருவனை நம் மேடையிலும் நிறுத்தி, இரு மொழியிலும் நம்மைக் கேள்வி கேட்கச் செய்தால், அவ்விரவில் தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே சிரித்து வீடு திரும்புவர்.

மகேந்திரவர்மன் தன் தலைநகரை நகைத்தான். குஞ்சன் நம்பியார் தம் நாட்டாரை நகைத்தார். சுகுண விலாச சபையார் தம் வகுப்பாரை நகைத்தனர். அவ்வழி வந்த மேடை நம் மேடை. ஆண்டுக்கு ஓர் இரவு, சில மணி நேரமே திரை உயர்ந்திருக்கும் சிறு மேடையாயினும், அதன் மரபு பெரிது. அம்மரபுக்குத் தக்க நாடகங்களை நம் இளைஞர் எழுதுக, நடிக்குக, பெரியோர் வாழ்த்துக. அயலாரோடு கூடி நகைக்கும் அவையாக நம் சங்கம் என்றும் பொலிக!